முதல் சோற்றுக்கு ஓர் ஒத்திகை

அடுத்த வீட்டுக் குழந்தைக்குச் சோறூட்டுவதில் நிபுணராவது மிகவும் சுலபம். துப்பினால் துடைக்கப்போவது அந்த வீட்டுக்காரர்கள்தானே. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் நான் அப்படி ஒரு நிபுணனாக இருந்தேன். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் என் கைப்பட எழுதிய அட்டவணை ஒன்று தொங்கியது. ஆறாம் மாதம் குழைந்த சாதம், எட்டாம் மாதம் மசித்த காய், ஒரு வயதில் கையில் பிடித்துத் தின்ன இட்லித் துண்டு என்று ஐந்து வயது வரை கட்டம் கட்டமாகப் போட்டிருந்தேன். (சாப்பிட வேண்டிய என் மகள் தாரிணி அதை மதிக்கவேயில்லை. ஐந்து வயதுக் கட்டத்தில் நின்றுகொண்டு தயிர் சாதத்தைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்றாள்.)

அட்டவணை இல்லாமலே பிள்ளைகளைச் சாப்பிட வைத்தவர் மிதாலி-தி. ஜாதவ்பூரில் எங்களுக்கு மூன்றாவது மாடி, அவருக்கு முதல் மாடி. ‘தி’ என்றால் வங்காளத்தில் அக்கா. அவருக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை. அதனால் காளி பூஜை முடிந்து சகோதரிகள் சகோதரனுக்குப் பொட்டிடும் நாளில், எனக்குத்தான் சந்தனம் வைப்பார். சுந்தர் என்கிற என் பெயர் அவர் வாயில் ‘ஷுந்தர்’. தாரிணி பள்ளி விட்டதும் நேராக அவர் வீட்டுக்குத்தான் போவாள். பருப்பும் பூசணியும் பிசைந்த சாதத்தைக் குட்டி உருண்டைகளாக உருட்டி, இது காக்காய்க்கு, இது கொக்குக்கு என்று தட்டோரத்தில் அடுக்குவார் மிதாலி-தி. காக்காய் வருவதற்குள் தாரிணி தின்றுவிடுவாள். பல் முளைக்கும் குழந்தைக்கு என்ன கொடுக்கலாம், பரீட்சைக்குப் படிக்கும் பதினாறு வயதுப் பையனின் அகோரப் பசிக்கு என்ன போடலாம் என்பதெல்லாம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரியும். அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் கையால் சாப்பிட்டவர்கள். அவருக்கு மட்டும் கல்யாணமாகிப் பதினோரு வருடம் பிள்ளை இல்லை. அதன் பிறகுதான் புபாய் பிறந்தான்.

ஆறாம் மாதம் புபாய்க்கு ‘முகே பாத்’ வைத்தார்கள். நம் அன்னப்பிராசனம்தான். ஆனால் அங்கே முதல் சோற்றை ஊட்டும் உரிமை தாய்மாமனுக்கு. மிதாலி-தி மாடியேறி வந்து, நீதான் மாமன் என்று சொல்லிவிட்டுப் போனார். காதுகுத்தில் மடி கொடுக்கும் தாய்மாமன்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், கேட்க வேண்டுமா? அன்று மாலையே பட்டு வேஷ்டியை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன்.

பெருமை இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் பயம் வந்தது. தாரிணியின் அன்னப்பிராசனத்தில் அவள் முதல் வாய்ப் பாயசத்தை என் மாமனார் சட்டையில் துப்பியதும், அதற்கப்புறம் போட்ட கூச்சலும் நினைவுக்கு வந்தன. அறுபது பேர் நடுவில் புபாயும் அப்படித் துப்பினால்? பதினோரு வருடம் காத்திருந்தவர் முகத்தில் எப்படி விழிப்பது?

விழாவுக்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. என் மனைவி கல்யாணி வங்கிக்குப் போயிருந்தாள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. கரியாஹாட் கடைத்தெருவில் கொஞ்சம் சாமான் வாங்க வேண்டும், இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள் என்று புபாயை என்னிடம் விட்டுப் போனார் மிதாலி-தி. எனக்கு அப்போது உதித்தது ஒரு மகா யோசனை. ஒத்திகை.

அரிசியும் பாசிப்பருப்பும் நாலு விசில் விட்டு, வெண்ணெயாக மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டேன். முதல் வாயைத் துப்பினான். இரண்டாவதை நாக்கிலேயே வைத்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்து யோசித்தான். மூன்றாவது வாய்க்குத் தானே வாயைத் திறந்தான். மொத்தம் ஏழு வாய். எனக்கே கண் கலங்கிவிட்டது. முதல் சோறு என்பது ஒரே ஒரு தடவைதான் வரும் என்கிற எளிய கணக்கு அந்த நிபுணன் மூளையில் உதிக்கவேயில்லை. பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. பள்ளியிலிருந்து வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தாரிணியிடம், யாரிடமும் சொல்லாதே என்றேன்.

"ஏன்ப்பா? சாப்ட்டது நல்லதுதானே?" என்றாள். நான் கழுவிய கிண்ணத்தையே இன்னொரு தடவை கழுவினேன்.

மறுநாள் நெட்டிக் கிரீடமும் குட்டி வேஷ்டியும் சந்தனப் பொட்டுமாகப் புபாய் என் மடியில் உட்கார்ந்தான். எதிரே தட்டில் ஐந்து வகை வறுவல், வெள்ளிக் கிண்ணத்தில் பாயசம், என்னையே முறைத்துப் பார்க்கும் ஒரு மீன் தலை. நான் பாயசத்தைத் தொட்டு அவன் உதட்டருகே கொண்டுபோனேன். வாயை இறுக மூடிக்கொண்டான். மறுபடி கொண்டுபோனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். சங்கு ஊத நின்றவர் மூச்சை இழுத்தபடியே நின்றார். குழந்தை சாப்பிடாமல் பந்தி தொடங்காது. பந்திக்குச் சுட்ட லூச்சி, அதாவது அவர்கள் ஊர்ப் பூரி, ஆறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் மகள் உதவிக்கு வந்தாள். "அப்பா தோ கால்கேயி ஓகே டால்-பாத் காயியேசே." அப்பா நேற்றே அவனுக்குப் பருப்பு சாதம் ஊட்டிவிட்டாரே என்று அர்த்தம். வீட்டில் தமிழ் பேசச் சொன்னால் திக்குகிற பெண், இதை மட்டும் பிசிறில்லாத வங்காளத்தில் சொன்னாள். தமிழில் சொல்லியிருந்தால் கல்யாணியைத் தவிர ஒருவருக்கும் புரிந்திருக்காது.

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். மிதாலி-தி எழுந்து பக்கத்தில் வந்தார்.

"எத்தனை வாய்?"

"ஏழு."

"துப்பினானா?"

"முதல் வாய் மட்டும்."

அவர் கண் நிறைந்துவிட்டது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அவரோ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "மாமன்தானே முதல்ல ஊட்டணும்? மாமன்தான் ஊட்டியிருக்கான்" என்றார். பிறகு என்னிடம், மேலே போய் அதையே செய்துகொண்டு வா என்றார்.

பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு மாடி ஏறி ஓடினேன். நாலு விசிலுக்கு அறுபது பசித்த வங்காளிகள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் கீழே யாரோ எண்ணியதும் மற்றவர்கள் சிரித்ததும் எனக்குக் கேட்டது. நான் கிண்ணத்தோடு இறங்கி வந்ததும் புபாய் வாயைத் திறந்தான். சங்கு முழங்கியது. பாயசமும் ஒரு துளி உள்ளே போனது.

பந்தி முடிந்து கிளம்பும்போது மன்னிப்புக் கேட்டேன். ஊரார் முன்னால் என்னை விட்டுக்கொடுக்காத அந்த மனுஷி அப்போது மெதுவாகச் சொன்னார்: "ஏழு வாய் சாப்ட்டான்னு கேட்டதும் வயிறு நெறஞ்சுடுச்சு. ஆனா அந்த முதல் வாயை நான் பாக்கணும்னு இருந்தேன், ஷுந்தர்."

நான் அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாரிணியைக் கூப்பிட்டேன். அவள் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்தேன். அவள் நானாகவும் நான் புபாயாகவும் ஏழு வாயையும் நடித்துக் காட்டினோம். துப்பினேன், உத்தரத்தைப் பார்த்தேன், கடைசியில் ஏப்பமும் விட்டேன். மிதாலி-தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அதிலிருந்து புபாயின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இந்த நாடகம் உண்டு. இப்போது கரண்டி புபாயின் கையில், வயது ஒன்பது. கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, இந்த நரைத்த தலையோடு நான்தான் இன்னமும் ஆறு மாதக் குழந்தை. விருந்தாளிகள் மொபைலில் படம் பிடிக்கிறார்கள், கல்யாணி தலையில் அடித்துக்கொள்கிறாள். மிதாலி-தி மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து புதிதாகப் பார்ப்பது போலவே பார்க்கிறார். மூன்றாவது வாய்க்கு நான் வாயைத் திறக்கும்போது, தன்னை அறியாமல் அவரும் திறக்கிறார்.