‘ம்’ இல்லாத குப்பைத்தொட்டி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ஜெபக்கூட்டத்து ரோஸ்லின் அக்கா. போன வருஷம் பொங்கல் லீவு முடிந்த மறுநாள், ஆளுக்கொரு வாளியோடு குப்பை வண்டிக்காகத் தெருமுனையில் நின்றோம். வண்டி வரவில்லை, கதை வந்தது.

ஒரு காட்டில் தவமணி என்று ஓர் எருமை இருந்தாள். அந்தக் காட்டில் எந்தப் பிள்ளை கணக்கில் தப்புப் போட்டாலும் ‘எருமை’ என்றுதான் திட்டு விழும். கரடி தன் பிள்ளையைத் திட்டுவதும் அப்படித்தான், குரங்கு தன் பிள்ளையைத் திட்டுவதும் அப்படித்தான். தவமணி காதில் விழாத மாதிரிப் போய்விடுவாள். காலையில் கண்ணை மூடி ஆண்டவரிடம் நாலு வார்த்தை பேசாமல் வாயில் புல் வைக்க மாட்டாள். அந்த வருஷம் நாலு வார்த்தையும் ஒரே காரியத்தைப் பற்றித்தான். மகள் ஜெயசீலியின் கல்யாணம்.

வந்த வரன்களெல்லாம் ஒவ்வொரு சாக்குச் சொல்லித் தட்டிப்போயின. கடைசியில் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, ஞானராஜ் என்ற இஞ்சினியர் பையன் வீட்டில், “பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றோம்” என்று சொல்லி அனுப்பினார்கள். ஜெயசீலி பையனைச் சந்தையில் ஒரு தடவை பார்த்திருந்தாள். கொம்பு நல்ல வளைவாம். அதற்கப்புறம் அவள் சரியாக அசைபோடுவதுகூட இல்லை.

இது இப்படி இருக்க, கிறிஸ்துமஸில் ஆரம்பித்த கொண்டாட்டம் பொங்கல் வரைக்கும் ஓய்ந்தபாடில்லை. ஓய்ந்தபோது காடு முழங்கால் அளவு குப்பையில் கிடந்தது. கிழிந்த காகித நட்சத்திரம், தர்மாகோல் குடில், கேக் பெட்டி, பேப்பர் கப், வாடிப்போன மஞ்சள் கொத்து, அதற்கு மேலே மலை மாதிரி கரும்புச் சக்கை. முயல் தன் வளைக்குள் போக வழி தெரியாமல் ஒரு நாள் முழுக்கப் பக்கத்து வீட்டிலேயே சாப்பிட்டது.

காட்டு நலச் சங்கத்தின் செயலாளர் நரி, இரண்டு தொட்டிகளை வரவழைத்தது. பச்சையில் ‘மக்கும் குப்பை’, நீலத்தில் ‘மக்காத குப்பை’ என்று எழுதச் சொல்லிக் குரங்கைக் கூப்பிட்டது. குரங்குக்குக் கை பெரியது, எழுத்தும் பெரியது. பச்சைத் தொட்டியில் ‘மக்கு’ என்று எழுதி முடிப்பதற்குள் வரி தீர்ந்துவிட்டது. ‘ம்’ வைக்க இடமில்லை. சரி போகட்டும் என்று கீழ் வரியில் ‘குப்பை’ என்று எழுதி, நீலத்தில் மட்டும் எழுத்தைச் சுருக்கி முழுசாக முடித்துவிட்டு வாழைத்தோப்புக்குப் போய்விட்டது.

காலையில் முதலில் வந்து படித்தது கரடி. பின்னாலேயே வாளியோடு மயில் வந்தது.

“மக்கு குப்பை. அப்படின்னா?” என்றது மயில்.

“அது கூடத் தெரியலையா?” என்றது கரடி. “மக்குங்க போடுற குப்பை. பக்கத்துல பாரு, மக்காத குப்பை. மக்கு ஆகாதவங்க போடுறது.”

“அட, அப்படியா! நல்லவேளை கேட்டேன்” என்று மயில் தன் வாளியை நீலத் தொட்டியில் கவிழ்த்தது. கரடியும் நீலம். முயலும் நீலம். மான் குடும்பம் மொத்தமும் வரிசையாக வந்து நீலம். பச்சைத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரு விறைப்போடு நடந்து போனார்கள்.

தவமணிக்கு மக்குவது என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் போடும் சாணியே மக்கி எருவாகிறது. கரும்புச் சக்கையை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு நேராகப் பச்சைத் தொட்டிக்குப் போய்க் கொட்டினாள். வெறும் தொட்டியில் அது ‘தொப்’பென்று விழுந்தது.

மேலே கிளையில் மைனா உட்கார்ந்திருந்தது. அக்கம்பக்கத்துச் செய்தியெல்லாம் காட்டுக்குழுவின் வாட்ஸப்பில் போடுவது மைனாவின் திருப்பணி. ‘கிளிக்’ என்று ஒரு படம்.

‘சற்றுமுன்: மக்குத் தொட்டிக்கு முதல் போணி! யாரென்று சொல்லவும் வேண்டுமோ?’

அடியில் சிரிப்புப் பொம்மையாய்க் கொட்டியது. ‘தன் தொட்டி எதுன்னு கரெக்டா கண்டுபிடிச்சிருக்கா, அதுவரைக்கும் புத்திசாலிதான்’ என்று கரடி எழுதியது. அந்தக் கரடிக்குத்தான் தவமணி ஜலதோஷத்துக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்திருந்தாள்.

படம் ஆற்றைத் தாண்ட அதிக நேரம் ஆகவில்லை. சாயந்திரமே பையனின் அம்மா பொன்னுத்தாய் போன் பண்ணினாள்.

“நல்லா இருக்கீங்களா? ஒண்ணுமில்ல, உங்க ஊர்ச் செய்தி ஒண்ணு இங்க வந்துச்சு. எங்க பையன் நாலு எழுத்துப் படிச்சவன். நாளைக்குப் பொறக்கிற கன்னுக்குட்டி யாரைக் கொண்டு பொறக்குமோன்னு அவுங்க அப்பா யோசிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை வர்றோம். வந்து பார்த்துட்டுச் சொல்றோம்.”

ஜெயசீலி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காதைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்ச் சேற்றில் படுத்துவிட்டாள்.

தவமணி அப்போதே நரியைப் பார்க்கப் போனாள். நரி ஈசிசேரில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

“ஐயா, பச்சைத் தொட்டியில ஓர் எழுத்து விட்டுப்போச்சு.”

“ம்.”

“அதேதான் ஐயா. அதைத்தான் போடச் சொல்றேன்.”

நரி காலாட்டுவதை நிறுத்தியது. “தவமணி, உட்காரு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? குரங்கு எழுதின அன்னிக்கே பார்த்துட்டேன்.”

“பின்னே ஏன் ஐயா திருத்தலை?”

“திருத்தினா என்ன ஆகும்? நீலத் தொட்டியில போட்ட இத்தனை பேரும் வாசிக்கத் தெரியாத மக்குன்னு ஆகும். நீ ஒருத்தி மட்டும் அறிவாளின்னு ஆகும். அடுத்த மாசம் சங்கத் தேர்தல். உன் ஒரு ஓட்டை வெச்சு நான் என்ன பண்றது, சொல்லு.”

“என் பொண்ணு வாழ்க்கை ஐயா.”

“அதனாலதான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை நீயும் நீலத்துல போடு. எழுத்துல என்னம்மா இருக்கு!”

அதற்குள் இன்னொரு தொல்லை வந்தது. குப்பை வண்டி இழுக்கும் கழுதை நீலத் தொட்டியைத் திறந்து பார்த்து, “எல்லாத்தையும் கலந்து வெச்சிருக்கீங்க. நான் ஏத்த மாட்டேன்” என்று திரும்பிப் போய்விட்டது. வெயிலில் கரும்புச் சக்கையும் கேக்கும் பழைய சாம்பாரும் தர்மாகோலோடு சேர்ந்து ஊற ஆரம்பித்தன. நீலத் தொட்டியிலிருந்து ஒரு ஓடை கிளம்பி மயில் வீட்டு வாசலைச் சுற்றிக்கொண்டு போனது. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. பிடித்தால் தப்பு நடந்திருக்கிறது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! “இந்த வருஷம் பனி கொஞ்சம் கனமா இறங்குது” என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பொன்னுத்தாய் தன் வீட்டுக்காரரோடும் மகனோடும் ஆற்றைக் கடந்து வந்தாள். காடே ஏதோ வேலையிருப்பதுபோல் தவமணி வீட்டைச் சுற்றி நின்றது. மைனா போனைத் துடைத்து வைத்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்தது.

“என்னங்க இது, ஒரு மாதிரி வாசனை?” என்றாள் பொன்னுத்தாய்.

“பன்னீர்ங்க” என்றது மயில்.

ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டு வந்து தட்டில் வாழைப்பழம் வைத்தாள். ஞானராஜ் அவளைப் பார்த்தான். அவள் பழத்தைப் பார்த்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பொன்னுத்தாய் ஒரு பழத்தை உரித்துத் தின்றுவிட்டு, தோலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். எதிரே இரண்டு தொட்டிகள்.

“ஏங்க, இந்தத் தோலை எதுல போடணும்?”

மைனா போனைத் தூக்கியது. வாழைப்பழத் தோல். மக்குவதற்கென்றே ஆண்டவர் படைத்த பொருள். தவமணியின் நாக்கு நுனியில் பச்சை என்ற வார்த்தை வந்து நின்றது. அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். ஜெயசீலியின் கண் இரண்டும் குளம் மாதிரி ததும்பிக்கொண்டிருந்தன.

தவமணி மனசுக்குள், “ஆண்டவரே, இதை நீங்க கேட்காத மாதிரி இருங்க” என்றாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்:

“இது என்ன கேள்விங்க? நீலத்துலதான். பச்சையெல்லாம் நம்ம மாதிரி குடும்பத்துக்கு இல்லை.”

“அப்போ அன்னிக்கு அந்தப் படத்துல…”

“அதுவா? மக்குத் தொட்டி எவ்வளவு ஆழம்னு ஊருக்காகச் சோதிச்சுப் பார்த்தேன்.”

பொன்னுத்தாய் நீலத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். உள்ளேயிருந்து வந்த காற்றில் அவள் புருஷன் இரண்டடி பின்னால் போய் நின்றார். அவள் அசையவில்லை. தோலைப் போட்டாள், மூடினாள், முகமெல்லாம் மலர்ந்து திரும்பினாள்.

“அப்போ வெத்தலை பாக்கு மாத்திக்கலாமா, சம்பந்தி?”

கரடி முதலில் கைதட்டியது. மைனா, ‘மக்காத குடும்பத்தில் மங்கள காரியம்’ என்று செய்தி போட்டது.

அந்த வாரமே மேலிடத்திலிருந்து யானை ஒன்று பார்வையிட வந்தது. பச்சைத் தொட்டியைத் திறந்து காட்டினார்கள். ஒரு மூலையில் தவமணி அன்றைக்குப் போட்ட சக்கை மட்டும் மக்கி எருவாக ஆரம்பித்துக் கறுத்துக் கிடந்தது. “இது என்ன அழுக்கு?” என்றது யானை. நரி ஓடிப்போய் அதை வழித்தெடுத்து நீலத் தொட்டியில் போட்டது. ‘மக்கே இல்லாத காடு’ என்று கேடயம் கொடுத்தார்கள். தேர்தலில் நரியை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. நிற்கிறவர் விட்டுப்போன ‘ம்’மைக் காட்டிக் குறை சொல்லி, பச்சைத் தொட்டிக்குப் பக்கத்தில்தானே நின்று ஓட்டுக் கேட்க வேண்டும்!

நீதி: சரியான தொட்டியில் போட்டவளுக்கு எரு கிடைக்கும், ஊர் போடும் தொட்டியில் போட்டவளுக்குச் சம்பந்தி கிடைப்பாள்.

இப்போது என் வீட்டில் டீ குடித்துக்கொண்டே இந்தக் கதையைக் கேட்டவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். டீ குடித்த கப்பை என் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.