பிடித்த உணவை மனப்பாடம் செய்தவர்

மனிதர்களில் தயார்ப்பதில்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. கேள்வி பிறப்பதற்கு முன்பே பதிலைப் பெற்றெடுத்து, குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வாசலில் உட்கார வைத்திருப்பவர்கள் இவர்கள். யாராவது குழந்தையைக் காட்டினால் போதும், "அப்படியே அப்பா ஜாடை" என்பார்கள். அந்த அப்பாவை இவர்கள் கண்ணால் கண்டதே கிடையாது. துக்க வீட்டுக்குப் போகும் வழியிலேயே "போன வாரம்கூடப் பார்த்தேனே, நல்லாத்தானே இருந்தார்" என்பதை நாக்கு நுனியில் ஏற்றிக்கொள்வார்கள். போன வாரம் பார்த்தது வேறொருவரை. "எங்கே வலிக்குது?" என்று டாக்டர் கேட்டால், வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரர் சற்று முன் அழகாகச் சொன்ன வலியை எடுத்துவிடுவார்கள். மருந்தும் வாங்கிச் சாப்பிடுவார்கள். உடம்பு கேட்குமா? அது வேறு கதை.

இந்த இனத்தில் நல்ல மாதிரி ஒருவரைப் பிடித்து வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடுங்க" என்று நாள் முழுக்க ஊராரின் நுரையீரலுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்ததால், கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு மூச்சுப்பிடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய மனைவியே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

அந்த மனைவி இப்போது அயல்நாட்டில் நர்ஸ் வேலையில் இருக்கிறார். மகளும் அவரோடு போய்விட்டாள். அவர் வேலை பார்க்கும் அந்த ஆஸ்பத்திரியிலேயே நம் மூச்சுப்பிடிக்கும் ஒரு வேலை காலியாக இருந்தது. நடுவே ஆங்கிலப் பேச்சுத் தேர்வு ஒன்று குறுக்கே நின்றது. எழுதச் சொன்னால் எழுதிவிடுவார், படிக்கச் சொன்னால் படித்துவிடுவார். எதிரே ஒருவர் உட்கார்ந்து "சொல்லுங்கள்" என்றால் மட்டும் தொண்டையில் யாரோ தாழ்ப்பாள் போடுவார்கள். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் விட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அந்த ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது.

இதற்கிடையில், அங்கே மனைவியின் வீட்டுக்கு விளையாட வந்த ஒரு குழந்தை "உங்க அப்பா எங்க இருக்காரு?" என்று மகளைக் கேட்டிருக்கிறது. "போன்ல இருக்காரு" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அவருக்கு அந்த வீட்டில் போன் அப்பா என்று பெயர். மனைவி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், இவரும் சிரித்துக்கொண்டே கேட்டார். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராகப் பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

வகுப்பு, செருப்புக் கடைக்கு மேல் மாடியில். நடத்துபவர் சரளம் சார். தமிழோ ஆங்கிலமோ, அவர் பேச ஆரம்பித்தால் கமா தெரியும், முற்றுப்புள்ளி தெரியாது. அவரிடம் தேறிப் போன அத்தனை பேருக்கும் பொழுதுபோக்கு, பறவைகளைப் பார்ப்பது. வீட்டு வாசலில் வந்து உட்காரும் காக்காவைக்கூட நிமிர்ந்து பார்த்திராதவர்கள். என்ன செய்வது? பறவைகளைப் பற்றிய பதில்தான் சாரிடம் தயாராக இருந்தது.

"தம்பி, உங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு என்ன?" என்றார் சார் முதல் நாளே.

"சோறு சார். அதுலயும் அடிப்பிடிச்ச சோறு. பாத்திரத்து அடியில அந்தக் காந்தல் இருக்கே சார், அதைச் சுரண்டி..."

"நிறுத்துங்க. காந்தலுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

மூச்சுப்பிடி முழித்தார்.

"தெரியலை இல்ல? அப்ப அது உங்களுக்குப் பிடிக்காது. எதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை தெரியுமோ அதுதான் உங்களுக்குப் பிடிக்கும். உங்களுக்குப் பிடிச்சது குயினோவா."

"அது என்ன சார்? காயா, பழமா?"

"அதெல்லாம் எதுக்குத் தம்பி? சமைக்கவா போறீங்க, பிடிக்கத்தானே போகுது!"

அது தினை மாதிரி ஒரு பொடித் தானியம் என்பது சாருக்கும் தெரியாது, உங்களுக்கே புரிந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் அந்தச் சொல் பெரிய மனிதர் வீட்டுச் சொல் போல இருந்தது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பதிலையும் அவரே தன் குரலில் பதிவு செய்து போனுக்கு அனுப்பினார். அந்த ஆங்கிலத்தின் மிடுக்கு குறையாமல் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "ஐயத்திற்கு இடமின்றி, என் நாவின் சுவை அரும்புகளைக் களிகூரச் செய்யும் உணவு யாதெனில் குயினோவாவே ஆகும். அதன் எண்ணிலடங்கா நற்பயன்களைச் சொல்லப் புகின் நேரம் போதாது." நேரம் போதாது என்று சொல்லிவிட்டு, போதுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே போகும்.

மூச்சுப்பிடி அதைப் பல் துலக்கும்போது சொன்னார், பஸ்ஸில் சொன்னார், எக்ஸ்ரே அறையின் ஈயக் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார். ஒரு நாள், மளிகைக் கடை வைத்திருக்கும் பருமனான ஒருவரை நிற்க வைத்து, "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போனவர், குயினோவாவின் நற்பயன்களில் இறங்கிவிட்டார். "விடுங்க" என்று சொல்ல வேண்டிய ஞாபகமே இல்லை. கடைசியில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து திணறலாக ஒரு குரல் வந்தது.

"தம்பி, நான் மூச்சை விடலாமா, இல்ல உயிரையே விட்டுடவா?"

வீட்டிலும் இதே கூத்துதான். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு இவர் நற்பயன்களை அடுக்கிக்கொண்டிருப்பார், சோறு அடிப்பிடிக்கும். வாசனை மூக்கில் ஏறியதும் ஓடிப்போய் இறக்கிவைத்து, கரண்டியால் காந்தலைச் சுரண்டி, நின்றபடியே தின்பார். வாய் நிறையக் காந்தலை வைத்துக்கொண்டு, தனக்கு மிகவும் பிடித்த உணவு குயினோவா என்று சுவரைப் பார்த்து மெய்மறந்து சொல்வார். ஒரு நாள் அந்த நேரம் பார்த்து வீடியோவில் மனைவி வந்துவிட்டார்.

"அது என்ன சத்தம்? காந்தல் சுரண்டுறீங்களா? என் பங்கையும் சேர்த்துத் தின்னுறீங்க!"

அந்தப் பங்குச் சண்டை அவர்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே நடப்பது. "அடுப்பைக் கவனிக்கலை, லேசா பிடிச்சிருச்சு" என்று மனைவி அடிக்கடி அலுத்துக்கொள்வார். அடுப்பைக் கவனித்துத்தான் பிடிக்க விட்டார் என்பது இவருக்கும் தெரியும். தெரியும் என்று இவர் காட்டிக்கொண்டதில்லை. அதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, உனக்கு என்ன பிடிக்கும்?"

"குயினோவாடா கண்ணு" என்றார் மூச்சுப்பிடி, உதட்டோரம் ஒட்டியிருந்த காந்தலைத் துடைத்துக்கொண்டே. அவள் அதைக் கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

தேர்வு நாள் வந்தது. சின்ன அறை. மேஜைமேல் குரல் பதிவு செய்யும் கருவி. எதிரே கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். பெயர், வேலை எல்லாம் விசாரித்துவிட்டு அவர் கேட்டார்: "உங்களுக்கு மிகவும் பிடித்த உணவைப் பற்றிச் சொல்லுங்களேன்."

மூச்சுப்பிடியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! கண்களைக் கூரையில் நிறுத்தி, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, "ஐயத்திற்கு இடமின்றி" என்று ஒரே மூச்சில் புறப்பட்டுவிட்டார். அந்த அம்மாளின் பேனா நின்றுவிட்டது. இந்தப் பாட்டை அவர் முன்பே பல பேர் வாயால் கேட்டிருக்கிறார்.

"ஒரு நிமிடம். நீங்கள் சொல்வது கீன்வாவா?" என்றார். அந்தச் சொல்லை அறிந்தவர்கள் அப்படித்தான் உச்சரிப்பார்கள்.

மூச்சுப்பிடிக்கு அது தெரியாதே. யாரோ வேறு உணவைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று பதறிவிட்டார். "இல்லை மேடம். கீன்வா எனக்குப் பிடிக்காது. குயினோவாதான் பிடிக்கும்."

"அப்படியா? கீன்வா ஏன் பிடிக்காது?"

"வாசனை சரியில்லை மேடம்."

அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரி, குயினோவாவை எப்படிச் சமைப்பீர்கள்?"

சரளம் சார் அனுப்பிய பதிவில் இது இல்லை. "முதலில் தோலை உரிக்க வேண்டும்" என்று ஆரம்பித்தார்.

"தோலையா?"

"ஆமாம் மேடம். பிறகு நீளவாக்கில் வெட்ட வேண்டும்."

அதற்கு மேல் வரவில்லை. தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. வேலை போச்சு, விசா போச்சு, மகளுக்கு இனி எந்தக் காலத்திலும் போன் அப்பாதான் என்பது அந்தக் கணத்தில் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. உள்ளே இழுத்த காற்று அப்படியே நிற்க, முகம் சிவக்க உட்கார்ந்திருந்தார். அம்மாள் பயந்துபோய்ச் சொன்னார்: "முதலில் மூச்சை விடுங்கள்."

எத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு அவர் சொன்ன வார்த்தை அது! அவரிடம் அதை ஒருவரும் சொன்னதில்லை. விட்டார். காற்றோடு குயினோவாவும் சுவை அரும்புகளும் ஐயத்திற்கு இடமின்றி வெளியே போய்விட்டன.

"இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்?" என்றார் அம்மாள்.

"சோறு" என்றார். பிறகு அவருடைய சொந்த ஆங்கிலம் வந்தது. தட்டுத் தடுமாறித்தான் வந்தது, ஆனால் நிற்காமல் வந்தது. "பாத்திரம். அடியில் சோறு. நெருப்பு அதிகம், நான் மறந்து போனேன். கறுப்பு இல்லை மேடம், கறுப்பு கசக்கும். பழுப்பு. கரண்டி போட்டால் சத்தம் வரும். அதற்கு ஆங்கிலத்தில் பெயர் எனக்குத் தெரியாது. தப்பான சோறு. என் மனைவி வேண்டுமென்றே தப்பு செய்வாள், எனக்காக. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்வாள். இப்போது மனைவி அங்கே. நான் இங்கே தனியாகத் தப்பு செய்கிறேன்."

சற்று முன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. பிறகு கேள்வி மேல் கேள்வி கேட்டார். பங்குச் சண்டையில் யார் ஜெயிப்பார்கள் என்றுகூடக் கேட்டார். நேரம் முடிந்ததை இருவருமே கவனிக்கவில்லை. முடிவு வந்தபோது மூச்சுப்பிடி தேறியிருந்தார்.

கதையை இங்கேயே முடித்தால் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் ஆள் எந்த இனம் என்பதை மறந்துவிட்டீர்களே! இனிப்புப் பெட்டியோடு மாடிப்படி ஏறியவரைச் சரளம் சார் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா தம்பி, குயினோவா வேலை செஞ்சிடுச்சு!"

"இல்ல சார். காந்தல்."

நடந்ததைக் கேட்டு முடித்த சாருக்குக் கண்கள் பளபளத்தன. போனை எடுத்து அவர் வாய்க்கு நேரே நீட்டினார். "முதல்லேர்ந்து சொல்லுங்க. ம், அந்தத் 'தனியாகத் தப்பு செய்கிறேன்' வருது பாருங்க, அதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துங்க. குரலை இறக்குங்க. இன்னும் ஒரு தடவை."

இன்னும் ஒரு தடவை சொன்னார். முதல் தடவையைவிட நன்றாகவே வந்தது. அந்த மாதத்திலிருந்து சார் வகுப்பில் குயினோவா ஒழிந்தது. எல்லோருக்கும் காந்தல் பிடித்துப்போனது. சோற்றையே தொடாத, ரொட்டி மட்டும் தின்கிற ஒருவருக்குக்கூடப் பிடித்தது. இன்னும் கல்யாணமே ஆகாத ஒருவர், அயல்நாட்டில் இருக்கும் தன் மனைவியை நினைத்துச் சரியான இடத்தில் குரலை இறக்கினார். அந்தத் தேர்வு அம்மாள் இப்போதெல்லாம் யாரிடமும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லையாம்.

மூச்சுப்பிடியும் சும்மா இருக்கவில்லை. பிரிவுபசாரத் தேநீரில் அந்தக் கதையைச் சொன்னார். விசா ஜன்னலில் கேட்காமலேயே சொன்னார். விமானத்தில் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து இருக்கைக்காரரை எழுப்பிச் சொன்னார். சொல்லச் சொல்லப் பழுப்பு பொன்னிறமானது. நிறுத்த வேண்டிய இடத்தில் கண்கள் தாமாகவே கலங்கப் பழகிக்கொண்டன.

அவர் போய்ச் சேர்ந்த அன்று மனைவி சோறு வைத்தார். "வந்த அன்னைக்கே அடிப்பிடிச்சிருச்சு பாருங்க, கவனிக்கவே இல்லை" என்று பாத்திரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்து நின்று புது ஆளைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், மெல்லத் தலையை நீட்டினாள்.

"அப்பா, உனக்கு என்ன பிடிக்கும்?"

"இது" என்று ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் வைத்திருந்தால் போதும். அவரோ தொண்டையைக் கனைத்தார். கண்களைக் கூரையில் நிறுத்தினார். "ஒரு பாத்திரம். அதன் அடியில், பொன்னிறமாக..." என்று தொடங்கி, வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலை இறக்கி, கண் கலங்க முடித்தார்: "நான் இங்கே தனியாகத் தப்பு செய்கிறேன்."

மனைவியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "தனியாவா? அப்ப நாங்க யாரு?"

மகள் அவரை ஒரு தடவை, மேஜைமேல் கிடந்த அம்மாவின் போனை ஒரு தடவை பார்த்தாள்.

"அம்மா, அப்பா இன்னும் போன்லதான் இருக்காரா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்று உங்களை "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டவரிடம் நீங்கள் யோசித்துத்தான் பதில் சொன்னீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. இன்று சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு ஒருவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றபோது, தட்டைப் பார்க்காமல் நீங்கள் சொன்ன அந்த "நல்லா இருக்கு" பற்றியும் கேட்கமாட்டேன். இதைப் படித்து முடித்ததும் யாராவது "எப்படி இருந்தது?" என்று கேட்டால் சொல்வதற்கு, இரண்டு பத்திகளுக்கு முன்பே ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டீர்களே, அதைத்தான் கேட்கிறேன். முதலில் மூச்சை விடுங்கள்.