இருபத்திரண்டு மூங்கிலும் ஒரு மாமனாரும்

கையில் ஒரு வெட்டுக்கத்தி கிடைத்துவிட்டால் தன்னால் ஆகாத வேலையே இல்லை என்று நினைக்கிற ஆண்பிள்ளைகள் உலகத்தில் நிறைய உண்டு. அவர்களெல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தால் நான்தான் தலைவர். (காரியதரிசி வேலையையும் நானே பார்த்துக்கொள்வேன். பிறத்தியாரை நம்பி விடுவதற்கில்லை.)

யுத்தம் வருவதற்கு முன்பு, கொல்லிமலையில் திருப்புலி நாட்டில் ஓராசிரியர் பள்ளிக்கூடம் ஒன்றில் எனக்கு உத்தியோகம். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆனால் மனைவி நல்லம்மா ராசிபுரத்துப் பக்கம் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். எங்களைப் பிரித்தது தண்ணீர். நான் குடியிருந்த புல்வீடு ஒரு மேட்டின் மேல் இருந்தது. ஊற்றோ, நடுவில் ஒரு பள்ளத்தைத் தாண்டி எதிர்ச்சரிவில். என் மாமனார் ஒருமுறை மலையேறி வந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தச் சரிவுல கொடத்தத் தூக்கிட்டு நடக்கறதுக்கா என்ற புள்ளைய வளத்தேன்? வாசலுக்குத் தண்ணி வரட்டுமுங்க மாப்பிள்ளை. அன்னிக்கே கொண்டாந்து உட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நடக்காது என்பதை அவர் மரியாதையாகச் சொன்னார். நான் அதை ஒரு வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டேன். ஊற்றிலிருந்து வாசல் வரை மூங்கிலில் தண்ணீர் கொண்டுவந்துவிட்டால் பெண்டாட்டி வந்துவிடுவாள்! ஒரு மூங்கில்கூட வெட்டுவதற்கு முன்பே, அடுத்த மாதத்தின் முதல் சந்தைக்கு மறுநாள் வந்துவிடும்படி கடிதம் போட்டுவிட்டேன்.

பிறகு ஆரம்பித்தது ஆலோசனை. மிளகு வாங்கப் பேளுக்குறிச்சியிலிருந்து ஏறி வரும் காசிம் ராவுத்தர், "கம்பியப் பழுக்கக் காய்ச்சிக் கணுவத் தொளைங்க வாத்தியாரே. உள்ளுக்குள்ளயே தண்ணி போயிரும், தூசி விழாது" என்றார். தொளைத்தேன். மூன்று மூங்கிலில் கம்பி மாட்டிக்கொண்டது. நாலாவதில் என் உள்ளங்கை மாட்டிக்கொண்டது. வாழைப்பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துக் காட்டுக்காரர் சடையன் வந்தார். சாமை விதைப்பதிலும் பள்ளத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதிலும் கைதேர்ந்தவர்.

"ரெண்டாப் பொளந்து கணுவத் தட்டி உட்டாப் போதுமுங்களே" என்றார். "ஆனா வளர்பிறையில வெட்டுனது உளுத்துப் போயிருமுங்க."

நான் வெட்டியது சுத்தமான வளர்பிறை. அத்தனையையும் அடுப்புக்குப் போட்டுவிட்டு, தேய்பிறை வரை காத்திருந்து மறுபடி வெட்டினேன். பிளக்கும்போது முதல் மூங்கில் கோணிக்கொண்டு போய் ஒரு பக்கம் அகப்பையாகவும் மறுபக்கம் குச்சியாகவும் முடிந்தது. இரண்டாவதில் கணுவைத் தட்டிய உளி அடிப்பக்கமாக வெளியே வந்து என்னை எட்டிப் பார்த்தது. சடையனின் மனைவி பாப்பாத்தி, கயிறு வேண்டாம், காட்டுக்கொடியால் கட்டுங்கள் என்றாள். கட்டக் கற்றுக்கொண்டேன். பத்தாவது மூங்கிலுக்கெல்லாம் என் கை தேறிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

கவைக்கொம்புகளை வரிசையாக நட்டு, பள்ளத்தின் மேலாக இருபத்திரண்டு மூங்கிலையும் ஒன்றோடொன்று கோர்த்தேன். வீட்டை நெருங்கும்போது கடைசி ஏழு மூங்கிலும் லேசாக மேலே ஏறுவதுபோல எனக்கே தோன்றியது. சந்தைக் கூட்டத்தில் பின்னால் வருகிறவன் முன்னால் நிற்கிறவனைத் தள்ளிக்கொண்டு போவதில்லையா, தண்ணீரும் அப்படித்தான் போகும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். (அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவனும் நான்தான் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.)

சடையன் தலையைச் சொறிந்தார். "ஒருக்கா தண்ணிய உட்டுப் பாத்தறலாமுங்களா?"

"திறப்பு விழாவுக்கு முன்னாடியேவா!" என்றேன்.

சொன்ன நாளில் மாமனாரும் நல்லம்மாவும் முள்ளுக்குறிச்சி வழியாக ஏறி வந்தார்கள். நல்லம்மாவை வாசலில் பித்தளைக் குடத்தோடு நிற்கச் சொன்னேன். ஊர்ப் பெண்கள் காலிக் குடங்களோடு வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். மாமனாருக்கு ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. பள்ளத்தில் பாதையோரம் ஒரு பாறையாகப் பார்த்து உட்கார்ந்து, தலைப்பாகையை அவிழ்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மடியில் முறுக்கு மூட்டை. தலைக்கு நேர் மேலே என் மூங்கில்.

ஊற்றில் அடைத்திருந்த கல்லை எடுத்தேன். தண்ணீர் பாய்ந்தது. நானும் "வருது! வருது!" என்று கத்திக்கொண்டு கூடவே ஓடினேன். பள்ளம் வரை தண்ணீர் என்னை முந்திக்கொண்டு ஓடியது. அங்கே நின்றது. மேலே ஏறுவதா என்று சற்று யோசித்தது. வேண்டாம் என்று முடிவு செய்து மூங்கிலின் இரண்டு பக்கமும் வழிந்தது. பாரம் தாங்காமல் ஒரு கவைக்கொம்பு சரிய, மூங்கில் சாய, ஊற்று முழுவதும் என் மாமனாரின் தலையில் இறங்கியது.

தண்ணீருக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "வாசலுக்குன்னுதானுங்களே சொன்னேன் மாப்பிள்ளை? தலைக்குன்னா சொன்னேன்?"

நான் சடையன் மேல் பாய்ந்தேன். "ஏன் வராமல் போச்சு?"

"உங்க ஊட்டு வாசலுக்கு ஊத்து ரெண்டு மொழம் கீழீங்களே" என்றார் மெல்ல.

"அதை முன்னமே சொல்லக் கூடாதா?"

"நீங்க கணக்கு வாத்தியாருங்க. தண்ணிய மேல ஏத்தறதுக்கு ஏதாச்சும் கணக்கு வெச்சிருப்பீங்கன்னு ஊரே நெனச்சுட்டு இருந்தமுங்க."

கல்யாண வாழ்க்கை முடிந்தது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். அழுகை வந்தது. மாமனார் ஒதுங்கி எழுந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அப்போது பாப்பாத்தி வந்து, கொட்டுகிற தண்ணீருக்கு அடியில் தன் குடத்தை வைத்தாள். நிறைந்ததும் எடுத்துக்கொண்டாள். இனி எதிர்ச்சரிவு ஏறவேண்டியதில்லை என்பது மற்ற பெண்களுக்கும் புரிந்துவிட்டது. பாறையைச் சுற்றிக் குடங்கள் வரிசை கட்டின.

நல்லம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். வரிசையில் நின்று பித்தளைக் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்து, ஏழு மூங்கில் தூரம் ஏறி வீட்டுக்குள் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா, நா இங்கயே இருந்துக்கறேனுங்க. இந்தத் தூரம் ஒண்ணும் பெருசில்லீங்க. பேச்சுத் தொணைக்கும் ஆளுக இருக்காங்க."

"வாசலுக்குத் தண்ணி வரலியே கண்ணு?"

"அவரு கையப் பாருங்க, முழுக்கப் புண்ணு. மொதல்ல நீங்க ஈரத்துணிய மாத்துங்க."

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நமுத்த முறுக்கை முக்கால்வாசி நானே தின்றேன்.

சாய்ந்த கொம்பை மறுநாள் சடையன் சொன்னபடியே நட்டேன். அதன்பிறகு பரண் கட்டினேன், ஆட்டுப்பட்டி போட்டேன், தொட்டில்கூடச் செய்தேன். எதைத் தொடுவதற்கு முன்பும் நாலு பேரிடம் கேட்டு, அவர்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டதையும் தோண்டிக் கேட்டுக்கொள்வேன். மாமனார் கடைசி வரைக்கும் எங்கள் வீட்டில் உட்காரும் முன் ஒருமுறை தலைக்கு மேலே பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நான் சுத்தியலைக் கையில் எடுத்தால் போதும், உள்ளேயிருந்து நல்லம்மா கேட்பாள்: "ஏனுங்க, மாமனாரு எங்க நிக்கோணும்?"

போன வாரம் எங்கள் மகளின் வீட்டுக்காரர் வந்திருந்தார். ஓடு ஒழுகுகிறது என்று நான் சொன்னதுதான் தாமதம், ஆள் எதற்கு, நானே மாற்றிவிடுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். நல்லம்மா அடுப்படியிலிருந்து வாயைத் திறப்பதற்குள், நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.