பெண் பார்க்கப் போன பிக்கப்

பேனட்டைத் திறந்துவைத்து நின்றால் எந்த ஆணுக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. இடுப்பில் கை வைத்து, கண்ணைச் சுருக்கி, "ம்ம்ம்..." என்றால் போதும். அந்த "ம்ம்ம்" என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை.

எனக்குப் பெண் பார்க்க முடிவானது. பெண் தேன்மொழி. அவள் அப்பா வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருந்தார். கார் பிடிக்கலாம் என்றார் அப்பா. "நம்ம வண்டி இருக்க கார் எதுக்குப்பா?" என்று மறுத்தவன் நான்தான். நம்ம வண்டி என்பது அப்பா மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் பழைய டீசல் பிக்கப். நான் அதிகம் ஓட்டியதில்லை. ஆனால் வண்டி ரிப்பேர் வீடியோக்களை போனில் ஏராளமாகப் பார்த்திருந்தேன் (சாப்பிடும்போது, படுத்துக்கொண்டு, இன்னும் சொல்லக்கூடாத இடங்களிலும்).

முன்னால் நான், நடுவில் அம்மா, ஜன்னலோரம் அத்தை. அவர் மடியில் தேங்காய், வாழைப்பழம், பூ, வெற்றிலை எல்லாம் அடைத்த கட்டைப்பை. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வெள்ளை வேட்டியில் அப்பா, தேரில் வரும் சாமி மாதிரி.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை வளைய ஆரம்பித்ததும் அத்தைக்குக் குமட்டியது. "டேய், நிறுத்துடா! இல்லன்னா உன் சட்டையிலதான்!"

நிறுத்தினேன். அத்தை பையை எங்கேயோ மாட்டிவிட்டு இறங்கி ஓடினார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் சாவியைத் திருப்பினேன்.

கிர்ர்ர்... கிர்ர்ர்... கிர்ர்ர்... என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. ஸ்டார்ட்டர் சுத்துது, அப்ப பேட்டரி நல்லா இருக்கு. டீசல்தான் வரல." (இதுவரை சரி. இங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம்.)

பின்னாலிருந்து அப்பா கேட்டார். "நான் பாக்கட்டாடா?"

"நீ உக்காருப்பா. வேட்டி அழுக்காயிடும்."

பேனட்டைத் திறந்தேன். "ம்ம்ம்" சொன்னேன். வீடியோவில் பார்த்தபடி டீசல் லைனில் காற்று அடைத்திருக்கும் (ஏர் லாக் என்பார்கள்), ஃபில்டர் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி வெளியேற்ற வேண்டும். எவ்வளவு தளர்த்துவது என்று பார்க்க போனை எடுத்தால், சிக்னல் இல்லை. குத்துமதிப்பாகத் தளர்த்தி ஓங்கி அழுத்தினேன். டீசல் என் முகம், மீசை, பெண் பார்ப்பதற்கென்றே தைத்த இளநீலச் சட்டை எல்லாவற்றையும் நனைத்தது. டீசல் வராத வண்டியில் அவ்வளவு டீசல்!

திருகை இறுக்கி மறுபடி முயன்றேன். கிர்ர்ர். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். கிர்ர்ர். டயரைக்கூட உதைத்துப் பார்த்தேன்.

அப்போது மேலே போகும் பஸ் ஒன்று பக்கத்தில் நின்றது. "எங்க போறீங்க?" என்று கண்டக்டர் கேட்டதுதான் தாமதம், அத்தை மொத்தக் கதையையும் சொல்லிவிட்டார். "மளிகைக்கட வூட்டுக்குப் பொண்ணு பாக்கப் போய்க்கினு இருக்கோம்பா. இவன்தான் மாப்ள."

பஸ் மொத்தமும் ஜன்னல் வழியாக எட்டி மாப்பிள்ளையைப் பார்த்தது. செய்தி எங்களுக்கு முன்னால் வெள்ளிமலை போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒரு ஜீப் வந்தது. பெண்ணின் அப்பா இறங்கினார். பின்னாலேயே பட்டுப்புடவையில் தேன்மொழி. "அவங்க வர முடியலன்னா நாம போயி பாத்துட்டு வரலாம்னு இவதாங்க ஒரே அடம்" என்றார் அவர் கூச்சத்தோடு. பெண் பார்க்கப் போனவனைப் பெண் வந்து பார்த்துவிட்டாள். நான் கருப்பு மீசையிலிருந்து டீசலை வழித்துக்கொண்டு வணக்கம் சொன்னேன்.

"நல்ல நேரம் போவுது, பூவும் பழமும் இங்கயே குடுத்துடலாம்" என்று அத்தை பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் நான் ஏறிச் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை வண்டி உறுமியது!

எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலையைக் கோதியபடி வருங்கால மாமனாரிடம் சொன்னேன்: "ஏர் லாக்குங்க. தெரியாதவங்க கைய வெச்சா அவ்வளவுதான்."

அவர் பயபக்தியோடு தலையாட்டினார். பழம் கொடுத்து முடித்த அத்தை ஏறி, மிச்சத்தோடு பையைப் பழைய இடத்திலேயே மாட்டினார். வண்டி நின்றது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேன்மொழி மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே குனிந்து பார்த்தாள். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கம்பிக் கைப்பிடி. அதில் அத்தையின் பை.

"பெரிம்மா, அந்தப் பைய எடுங்க..." என்றவள் என் பக்கம் திரும்பி, "நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க" என்றாள்.

ஓடியது.

"இப்ப மாட்டுங்க."

நின்றது.

"எடுங்க!" ஓடியது. "மாட்டுங்க!" நின்றது. பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி அவள் சிரித்துச் சிரித்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். தலையில் வைத்த மல்லிகைப்பூவே நழுவிவிட்டது.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். "அட, அது நான் போட்ட கம்பிடா! முன்ன சாவிய ஆஃப் பண்ணாலும் என்ஜின் நிக்காது. இழுத்தா டீசல் கட்டாவுறதுக்குப் போட்டு வெச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாப்பா?"

"நீதான் வேட்டி அழுக்காயிடும்னியே!"

மலையிறங்கும்போதே இந்தச் சம்பந்தம் போச்சு என்று முடிவுகட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து டீசல் நாற்றம் போக மூன்றாவது சோப்பில் இருந்தபோது போன் வந்தது. பெண்ணுக்குச் சம்மதமாம். காரணம் கேட்டதற்கு, "ஜாஸ்தி சிரிச்சது அன்னிக்குத்தான்" என்றாளாம்.

கள்ளக்குறிச்சியில் கல்யாணம். மண்டப வாசலில் அவள் சித்தப்பா பிள்ளைகள் வைத்த பிளெக்ஸில், என் படிப்பைப் போடவேண்டிய இடத்தில் 'ஏர் லாக்கு' என்று அடித்திருந்தார்கள். அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் என் பெயர் அதுதான். அத்தையோ, "நான் பைய மாட்டலன்னா இவனுக்கு ஏது கல்யாணம்?" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன ஜூனில் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். டீச்சர் கன்னத்தைக் கிள்ளி, "உங்கப்பா பேரு இன்னாம்மா?" என்று கேட்டார்.

"ஏர்லாக்கு" என்றாள் மகள், ஸ்பஷ்டமாக.

டீச்சர் எழுதிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப பாப்பாவுக்கு இனிஷியல் 'ஏ'வா சார்?"

பதில் சொல்லலாமென்று தேன்மொழியைப் பார்த்தேன். அவள் அன்று மாதிரியே சிரித்துச் சிரித்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.