தோள்மூட்டருக்குப் போர்த்தாத பொன்னாடை

கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடை. அப்டன் பார்க்கில் இன்னொன்று. இரண்டுக்கும் சாமான் இறக்க ஒரு ஸ்டோர். கவுன்சில்காரர் மூன்று தரம் மறுத்து நாலாம் தரம் கையெழுத்து வைத்த வீட்டு எக்ஸ்டென்ஷன். எங்கள் பங்குக் கோயில் மண்டபத்துச் சமையல் குசினிக்கு ஒரு கூரை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, 'யெஸ்', 'நோ', 'ஹவ் மச்' என்ற மூன்று வார்த்தைகளோடு லண்டனில் வந்து இறங்கியவன் கட்டியவை இவை. பாங்க் மனேஜர் சிரித்தார். என் சொந்த அண்ணன் சிரித்தார். இப்போது அண்ணன் என் கடையில் வந்து கத்தரிக்காய் விலையில் கழிவு கேட்கிறார்.

இந்தப் பட்டியலின் கடைசியில் இன்னொன்றையும் நான் நெடுநாளாகச் சேர்த்துச் சொல்லி வந்தேன். பேஸ்போல் பந்தை ஒருநாளும் கையால் தொடாமல், பன்னிரண்டு பேர் மோதிய பேஸ்போல் போட்டியில் கப் எடுத்தவன் நான். கலியாண வீட்டில் சொன்னேன், செத்த வீட்டிலும் சொன்னேன். இன்று அதைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது நான் கட்டியது அல்ல. தோள்மூட்டர் கட்டியது.

உலகத்தில் மனிதரை முகத்தால் அல்லாமல் தோளால் மட்டும் அடையாளம் கண்ட ஒரே ஆள் தோள்மூட்டர். கடவுளே நேரில் வந்து நின்றாலும், முதலில் வலது தோளைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் கும்பிடுவார்.

மன்னார்ப் பக்கத்து ஆள். கட்டை, மெலிவு. வேலை கேட்டு வந்த அன்று நான் ஏணியில் நின்று மேல்தட்டில் தேங்காய்ப்பால் ரின் அடுக்கிக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்க ஏலுமோ என்று கேட்டேன். ஏணியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"அண்ணை, உங்கட இடது தோள் பழுதாப் போச்சு. உந்த மேல்தட்டை இனி விட்டிடுங்கோ."

வேலை கேட்டு வந்தவர் முதலாளிக்கு வைத்தியம் சொல்கிறாரே என்ற கோபத்தில் இன்னும் ஆறு ரின்னை எட்டி எட்டி வைத்தேன். ஏழாவதுக்கு மேலே போன கை கீழே இறங்க மறுத்துவிட்டது. கையைத் தூக்கியபடியே பஸ்ஸில் டொக்டரிடம் போனேன். நான் ஏதோ கேள்வி கேட்கிறேன் என்று நினைத்து ட்ரைவர் ஒவ்வொரு தரிப்பிலும் திரும்பிப் பார்த்தார். அடுத்த திங்கள் தோள்மூட்டர் வேலைக்கு வந்தார். அன்றிலிருந்து மேல்தட்டு அவருடையது.

இந்த வித்தை அவருக்குத் தகப்பனிடமிருந்து வந்தது. தகப்பன் ஒரு மீன்பிடிச் சம்மாட்டிக்கு ஆள் தெரிந்து கொடுப்பவராம். படகும் வலையும் சம்மாட்டியுடையவை. எந்தப் பெடியனைத் தொழிலுக்கு எடுப்பது என்பது மட்டும் தகப்பனின் பொறுப்பு. கரையில் கல்லெறிந்து விளையாடும் பெடியன்களைப் பார்த்தே, இவன் வலை வீசுவான், இவன் வீசமாட்டான் என்று சொல்லிவிடுவாராம். எறிவதைப் பார்க்கக் கூடாது, எறிந்த பிறகு கை என்ன செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வேதம்.

அந்த வேதத்தை லண்டன் தாங்கவில்லை. பூசையில் சுவாமியார் நற்கருணையை உயர்த்தும்போது சனமெல்லாம் தலை குனியும். தோள்மூட்டர் மட்டும் நிமிர்ந்து தோளை அளப்பார். ஒருநாள் வாசலில் நின்று, "சுவாமி, இரண்டு வருசம்தான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தார். தோளைத்தான் சொன்னார் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அன்று பின்னேரமே தமக்கைக்குப் போன் எடுத்து உயில் பற்றிப் பேசினாராம். அப்டன் பார்க்கில் லொறியிலிருந்து தர்ப்பூசணி எறிந்து இறக்கிய ஒரு பெடியனை ஒரு மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, நீர் பிழையான நாட்டுக்கு வந்திட்டீர்" என்றார். வலை வீசாத நாட்டில் அந்தக் கை வீண் என்பது அவர் கணக்கு. இமிக்ரேஷன்காரர் வந்துவிட்டார் என்று பெடியன் பழத்தைக் கீழே போட்டுவிட்டுப் பின்கதவால் ஓடிவிட்டான். அந்தப் பழத்தைக் கூட்டி அள்ளியது நான்.

இப்போது பேஸ்போலுக்கு வருகிறேன். என் தங்கையின் மகன் ரஜீவன், செவன் கிங்ஸில் இருக்கும் எக்கவுண்டன்ட், ரொறன்ரோவில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்தவன். வரும்போது இந்தத் தொத்து வருத்தத்தையும் கொண்டுவந்தான். ஃபான்டசி லீக் என்று பெயர். பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு அணியைக் கடதாசியில் வைத்திருப்போம். அமெரிக்காவில் உண்மையான ஆட்டக்காரன் எடுக்கும் புள்ளி இங்கே அவனைத் தெரிந்தெடுத்தவனின் கணக்கில் விழும். ரஜீவனின் லீக்கில் ஒரு விசேஷம்: ஒவ்வொரு மார்ச்சிலும் ஞாயிறு பூசை முடிந்த பிறகு அவன் வீட்டில் கூடி, இன்னும் பெரிய லீக்குக்கு வராத பதினேழு, பதினெட்டு வயதுப் பெடியன்களை முறை வைத்துப் பிடிப்போம். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். பிடித்த பெடியன் பின்னால் பெரிய ஆளானால் கடைசிவரை பிடித்தவனுக்கே சொந்தம். மிச்ச இடங்களைப் பெரிய லீக் ஆட்களால் வருடாவருடம் நிரப்புவோம்.

ஓர் இடம் காலியானபோது, மாமா சும்மாதானே இருக்கிறார் என்று என்னைச் சேர்த்தான். இரண்டு கடை நடத்துகிறவன் சும்மா இருக்கிறேனாம். முதல் வருடம் போட்டோவைப் பார்த்து மரியாதையான முகமுள்ள ஆட்களாக எடுத்தேன். பன்னிரண்டில் பன்னிரண்டாவதாக வந்தேன். ரஜீவன் அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான்.

ஒரு மத்தியானம் ஸ்டோரில் போனில் வீடியோ பார்த்துத் தலையில் கை வைத்திருந்தபோது தோள்மூட்டர் பின்னால் வந்து நின்றார். போனை வாங்கினார். சத்தத்தை நிறுத்தினார். பந்தின் வேகம் காட்டும் மூலையில் கடை விலைச் சிட்டை ஒன்றை எடுத்து ஒட்டினார். வேகம் பார்த்தால் கண் கெட்டுவிடுமாம். அதன் பிறகு மூன்று மாதம் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அமெரிக்காவின் பெடியன்கள் அத்தனை பேரையும் பார்த்து முடித்தார். முடிவுகளை வாழைப்பழப் பெட்டியின் மட்டையில் எழுதினார். 'வலது. கோபக்காரன். வேண்டாம்.' 'இடது. நல்ல பிள்ளை. சாப்பாடு காணாது.' பேஸ்போல் சட்டம் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. யார் வென்றது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படித்தான் தொப்பிக்காரன் கிடைத்தான். ஏதோ ஒரு புழுதி மைதானத்தில் எடுத்த, ஆடுகிற வீடியோ. பெடியன் எறிகிறான், பந்து எங்கேயோ போகிறது, ஒவ்வொரு எறிக்கும் தொப்பி விழுகிறது, பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். தோள்மூட்டர் சிரிக்கவில்லை.

"பந்து எங்கை போனால் என்ன அண்ணை, அதைப் பழக்கலாம். எறிஞ்ச கையாலேயே தொப்பியை எடுக்கிறான் பாத்தீங்களோ? வேலை செய்த கை மாதிரியே இல்லை. பூப் பிடுங்கிற மாதிரிப் போகுது."

டிராஃப்ட் நடக்கும் அறைக்குள் ஓனர் மட்டும்தான் போகலாம் என்பது ரஜீவனின் சட்டம். ஆகையால் தோள்மூட்டர் வெளியே என் கடை வானுக்குள் இருந்தார். நான் மட்டையோடு உள்ளே போனேன். மாமா பழம் விற்க வந்திருக்கிறார் என்றான் ரஜீவன். அறையே சிரித்தது. என் முறை வந்தது. அந்த வருடம் எல்லோரும் ஆசைப்பட்ட பெடியன் ஒருத்தன் இருந்தான். தங்கப்பெடியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வந்தவனுக்கே முதல் முறை என்பதால் அவன் என் கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தான். நான் தொப்பிக்காரனின் பெயரைச் சொன்னதும், பாங்கில் வேலை பார்க்கும் சிங்கப்பூர் செல்வம் தன் லாப்டொப்பில் பட்டியலை மேலும் கீழும் உருட்டினார்.

"அண்ணே, அந்தப் பையன் என் ஷீட்லயே இல்லையே. நீங்களா பேர் வச்சீங்களா?"

மூத்திரம் பெய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வானுக்கு ஓடினேன். தங்கப்பெடியன் கிடக்கிறான், எடுக்கட்டோ என்று கேட்டேன். தோள்மூட்டர் வான் கண்ணாடியை இறக்கினார்.

"அவன் எறிஞ்சுபோட்டு ஆருக்கும் தெரியாமல் முழங்கையைத் தடவுறான் அண்ணை. நோகுது எண்டு வாய் திறந்து சொல்லமாட்டான். பாவம், விடுங்கோ."

திரும்பிப் போய்த் தொப்பிக்காரனின் பெயரை முதலில் சொன்னதைவிடப் பலமாகச் சொன்னேன். அந்தத் துணிவு என்னுடையது. அதில் யாருக்கும் பங்கில்லை. தங்கப்பெடியனைச் செல்வம் சந்தோசமாக எடுத்தார். இரண்டு வருடம் போவதற்குள் தங்கப்பெடியனின் முழங்கையை வெட்டித் தைத்தார்கள். தொப்பிக்காரன் பெரிய லீக்குக்கு வந்து, முதல் வருடமே என் அணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கப்பின் முன்னால் இறக்கிவிட்டான். செய்தியைச் சொன்னபோது தோள்மூட்டர் கேட்டது ஒன்றுதான்: இப்பவும் தொப்பி விழுகிறதா?

செவன் கிங்ஸில் ஒரு மண்டபம் எடுத்துச் சாப்பாடு போட்டார்கள். தோள்மூட்டரை நானே கூட்டிக்கொண்டு போனேன். மடிப்புக் கோடு தெரியும் புதுச் சேர்ட் போட்டு வந்திருந்தார். குசினிக் கதவுக்குப் பக்கத்து மேசையில் இடம் கிடைத்தது. எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? பேஸ்போல் கப்புக்கும் பொன்னாடை வாங்கி வைத்திருந்தார்கள். ரஜீவன் என் தோளில் போர்த்தினான். கையில் மைக்கைத் தந்தான்.

நம்முடைய மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. தனக்குப் போர்த்திய பொன்னாடையை, இது எனக்கு உரியதல்ல என்று கழற்றி, உரியவரைக் கூப்பிட்டு அவருக்குப் போர்த்துவார்கள். நான் நூறு தரம் பார்த்திருக்கிறேன். அன்று என் வாயும் அந்தப் பக்கமாகத்தான் போனது. இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு கண் இருக்கிறது என்று சொல்லி நிறுத்தினேன். குசினிப் பக்கத்தில் தோள்மூட்டர் கதிரையைப் பின்னால் தள்ளி, சேர்ட்டை இழுத்துவிட்டு, பாதி எழுந்துவிட்டார்.

முன்வரிசையில் என் அண்ணன் இருந்தார். அன்று சிரித்த அந்த முகத்தைப் பார்த்தேன்.

"அது என்ரை கண்" என்றேன்.

கைதட்டல் கூரையைத் தொட்டது. பாதி எழுந்தவர் என்ன செய்வார்? தண்ணீர் எடுக்க எழுந்தவர் போல ஜக்கை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். திரும்பி வந்து, எல்லோருடைய கிளாசிலும் ஊற்றினார். கடைசியில் என்னுடையதிலும். பிறகு ஜக்கை வைத்துவிட்டுக் கைதட்டினார்.

அடுத்த நாள் வழமைபோல் வேலைக்கு வந்தார். மட்டைகளையெல்லாம் மடித்து ரீசைக்கிளிங்கில் போட்டார். மறுபடி மார்ச் வந்தபோது போனை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்களே பாருங்கோ அண்ணை. உங்களுக்குத்தான் கண் இருக்கே."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் ஏசியிருப்பேன், அவரும் ஏசியிருப்பார், மத்தியானம் சேர்ந்து சாப்பிட்டிருப்போம். அந்த வருடம் என் கண்ணால் எட்டுப் பேரை எடுத்தேன். தொப்பிக்காரன் இருந்தும் மறுபடியும் பன்னிரண்டாவது இடம்.

போன வருடம் டென்மார்க்கில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். டாக்ஸி வாசலில் நின்றபோது சொல்வதற்கு என் நெஞ்சு நிறைய இருந்தது. "பாஸ்போட் எடுத்தனீரோ?" என்று கேட்டேன். ஓம் என்றார். அவ்வளவுதான். நத்தார்ப் பண்டிகைக்குப் போன் எடுத்தேன். சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அவர் முதல் கேள்வியாக, "இடது தோள் எப்பிடி அண்ணை?" என்றார். நல்லா இருக்கு என்று பொய் சொல்லிவிட்டு, காலநிலை பேசி வைத்துவிட்டேன்.

இப்போது கப்புக்குப் புதுத் தகடு அடிக்கிறார்கள். அந்த வருடத்துக்கு என் பெயருக்குப் பதிலாக அவர் பெயரைப் போடு என்றேன். சட்டப்படி ஓனர் பெயர்தான் வரும், மாமா, என்கிறான் ரஜீவன். சட்டத்தைச் சொல்லி நாலு தரம் மறுத்த கவுன்சிலையே கையெழுத்து வைக்கச் செய்தவன் நான். தப்பு, மூன்று தரம். இன்றைக்காவது சரியாகச் சொல்கிறேன்.

ஆகவே இந்தச் சஞ்சிகை மூலம் கேட்கிறேன். இது டென்மார்க்கில் அவர் மகள் வீட்டுக்கும் போகிறது என்று தெரிந்துதான் கேட்கிறேன். தகட்டில் 'தோள்மூட்டர்' என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், 'அவரை வேலைக்கு எடுத்தவர்' என்று என் பெயரைப் போட வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்; அது நான் செய்ததுதான்.

பொன்னாடை மடித்தபடி இருக்கிறது. கடையின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அந்தத் தட்டில் இப்போது வேறு சாமான் இல்லை, எனக்கு எட்டுவதுமில்லை. வந்து அவர்தான் எடுக்க வேண்டும்.