மேட்டாத்தா வந்த கதை

ஒரு காட்டில், குளத்துக்குப் போகிற வழியில் ஒரு முச்சந்தி இருந்தது. பாதை என்னவோ நாலு. நாலாவது பாதைக்கு இன்னும் அனுமதி வராததால் எல்லோரும் அதை முச்சந்தி என்றே சொல்லிவந்தார்கள்.

அந்த முச்சந்திக்குப் பொறுப்பாளர் ஓர் உடும்பு. பெயர் தணிகாசலம். போக்குவரத்துப் பொறியியல் மேற்பார்வையாளர் என்று பட்டம். பட்டம்தான் நீளமே தவிர, வேலை வெயிலில் நிற்பது. வளைவு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், கோடு எங்கே விழ வேண்டும், சிக்னல் எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விதிப் புத்தகத்தில் ஒன்று போட்டிருந்தால் பிடித்த பிடியை விட மாட்டார். உடும்பு அல்லவா!

என்ன பிரயோஜனம்? சிவப்பு விளக்கைக் கண்டால் மான்கள் இன்னும் கொஞ்சம் எட்டிப் பாயும். ஷேர் ஆட்டோ ஓட்டும் காட்டுப்பன்றி, பறக்க வேண்டிய இடத்தில் நிற்கும், நிற்க வேண்டிய இடத்தில் பறக்கும். குரங்குகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு வண்டியில் நாலு பேர், ஐந்தாவது ஆள் நாலாவது ஆளின் வாலில்.

சாலையோரப் புதரில் செங்கமலம் என்ற முயல் குடியிருந்தாள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம். போன மழைக்காலத்தில் மூத்தவன் சாலையைத் தாண்டும்போது ஷேர் ஆட்டோ உரசி, ஒரு காது போய்விட்டது. அதற்குப் பிறகு தணிகாசலம் அலையாய் அலைந்து, ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் வாலை மடக்கி உட்கார்ந்து, ஒரு வேகத்தடைக்கு அனுமதி வாங்கினார். ஜல்லியும் தாரும் போட்டு லட்சணமாக ஒரு மேடு எழுந்தது. வந்தவர்கள் எல்லோரும், "எவன்டா இதைப் போட்டது?" என்று திட்டிக்கொண்டே மெதுவாகப் போனார்கள். திட்டு விழ விழத் தணிகாசலத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அப்போதுதான் சிங்கராஜா குளத்தைத் திறந்துவைக்க வருகிறார் என்று செய்தி வந்தது. குளம் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது, அது வேறு விஷயம்.

பெரிய இன்ஜினியர் காட்டெருமை மூச்சு வாங்க வந்து நின்றார்.

"யோவ் தணிகாசலம், ராஜாவுக்கு இடுப்புப் பிடிப்பு. வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சுன்னா உன் வேலையும் போயிடும், என் வேலையும் போயிடும். நாளைக் காலையில அந்த மேடு இருக்கக் கூடாது."

"சார், ஸ்கூல் பக்கம் சார். ராஜா போனதும் திரும்பப் போட்டுடலாமா?"

"போட்டுடலாம், போட்டுடலாம்."

அந்தப் 'போட்டுடலாம்' எப்படிப்பட்டது என்று தணிகாசலத்துக்குத் தெரியும். வடக்குப் பாதையில் புலி மந்திரிக்காக எடுத்த மேடு, புலியின் பேரன் மந்திரியான பிறகும் வரவில்லை. ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே?

தணிகாசலத்தின் அலுவலகத்தில், எதையும் இடிப்பதற்கு முன்னால் மஞ்சளில் கோடு போட்டு, நடுவில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. கிடங்கில் கேட்டால் பெயிண்ட் ஸ்டாக் இல்லை. இடிக்க வந்த முள்ளம்பன்றிகள் கடப்பாரையைச் சாத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தன. தணிகாசலம் தயங்கித் தயங்கி முயல் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அக்கா, மஞ்சளா ஏதாவது இருக்குமா? கோடு போடணும்."

"எதுக்கு சார்?"

பொய் சொல்லத் தெரியாத ஜீவன். "மேட்டை எடுக்கச் சொல்லிட்டாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

திட்டுவாள் என்று நினைத்தார். அழுவாள் என்று நினைத்தார். செங்கமலம் இரண்டும் செய்யவில்லை. உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறைய மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள்.

"கோடு போட்டா யாருக்குத் தெரியும்? மேடு முழுக்கப் பூசிடுங்க சார். வேலைன்னா நறுவிசா இருக்கணும்ல."

நறுவிசு என்ற சொல்லைக் கேட்டால் தணிகாசலம் உருகிவிடுவார். முழுக்கப் பூசினார்.

"சிவப்புப் புள்ளிக்கு?"

"குங்குமம் இருக்கு. கொஞ்சம் பெரிசாவே வைங்க. கண்ணுல படணும்."

அப்புறம் ஒரு கொத்து வேப்பிலையை நீட்டினாள்.

"இது எதுக்கு அக்கா?"

"ஈரம் காயலையே. யாராவது மிதிச்சிடப் போறாங்க, ஒரு அடையாளத்துக்கு."

நியாயம்தான் என்று அதையும் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். இத்தனை வருஷத்தில் எதையும் இவ்வளவு திருத்தமாக அடையாளமிட்டதில்லை என்று அவருக்கே தோன்றியது.

முள்ளம்பன்றிகள் ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பி வந்தன. முன்னால் வந்த மேஸ்திரி கடப்பாரையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஆத்தா!"

கடப்பாரை ஒரு பக்கம் விழுந்தது, மேஸ்திரி ஒரு பக்கம் விழுந்தான்.

"யோவ் மேஸ்திரி, அது மார்க்கிங்யா!"

"முதல்ல செருப்பைக் கழட்டுங்க சார்!"

உடும்புக்குச் செருப்பு ஏது? ஆனாலும் கால் தானாகப் பின்வாங்கியது. அவர் விளக்கிச் சொல்ல வாயெடுப்பதற்குள், செங்கமலத்துக்குக் காது இரண்டும் விறைத்தது. உடம்பு உதறியது. புழுதி பறக்க ஆட ஆரம்பித்துவிட்டாள்.

"டேய்! மேட்டாத்தா வந்திருக்கேன்டா! என் முன்னாடி எவன் வேகமாப் போனாலும் சக்கரத்தைக் கழட்டிடுவேன்! வலதுபக்கம் வர்றவனுக்கு வழி விடணும்! பிள்ளைங்க தாண்டுறப்ப ஹாரன் அடிச்சா நாக்கு அழுகிடும்!"

எல்லாம் விதிப் புத்தகத்தில் உள்ளதுதான். நாக்கு மட்டும் புதிது. தணிகாசலம் அதையெல்லாம் பலகையில் எழுதி அங்கேயே நட்டும் வைத்திருந்தார். பலகை நிழலில் நின்றுதான் எல்லோரும் அதை மீறுவார்கள். இப்போது காட்டுப்பன்றி கன்னத்தில் போட்டுக்கொண்டது. மான்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மூன்று குரங்குகள் தாமாகவே வண்டியிலிருந்து இறங்கி நடந்தன.

சத்தம் கேட்டுக் காட்டெருமை ஓடிவந்தார். "என்னய்யா கூத்து இது? இடிங்கய்யா!"

செங்கமலம் ஒரே துள்ளில் அவர் முன்னால் நின்றாள். "டேய் எருமை! நாலாவது பாதைக்கு அனுமதி ஏன் வரலைன்னு சொல்லட்டுமாடா?"

ஒரு குத்துமதிப்பில் கேட்டதுதான். காட்டெருமை நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்த நிலையிலேயே உடும்பின் பக்கம் தலையைத் திருப்பி, "தெரிஞ்சே செஞ்சியா?" என்று பல்லைக் கடித்தார்.

தணிகாசலம் நிமிர்ந்து பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டிருந்தது. ஒற்றைக் காது மூத்தவன் தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு, நின்ற வண்டிகளுக்கு நடுவே ஆடி அசைந்து தாண்டிக்கொண்டிருந்தான்.

"விதிப்படி மார்க்கிங் பண்ணினேன் சார்" என்றார்.

மறுநாள் சிங்கராஜா மேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினார், தேங்காய் உடைத்தார், குளம்வரை நடந்தே போனார். நடந்ததில் இடுப்பு கொஞ்சம் இளகியது. ஆத்தாவின் அருள் என்று அங்கேயே அறிவித்துவிட்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? எலுமிச்சம்பழக் கடை, ஒலிபெருக்கி, செருப்பு பார்த்துக்கொள்ள ஒரு நரி. வண்டிகள் குளம்வரை நெருக்கியடித்து நின்றன. விபத்து அடியோடு ஒழிந்தது. அசைய முடிந்தால்தானே மோதுவதற்கு! அதற்காகத் தணிகாசலத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மற்ற சந்திகளிலிருந்தும், 'எங்களுக்கும் ஒரு ஆத்தா வேண்டும்' என்று மனுக்கள் குவிந்தன. கிடங்கில் இன்றுவரை பெயிண்ட் வரவில்லை. மஞ்சள் மட்டும் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

ஒருநாள் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, தணிகாசலம் மெல்லக் கேட்டார்.

"அக்கா, அன்னைக்கு உண்மையாவே சாமி வந்துச்சா?"

செங்கமலம் கேரட்டைக் கடித்தபடி சொன்னாள்: "சரியா ஸ்கூல் விடுற நேரத்துக்கு வந்துச்சே சார். நம்ம ஆபீசுல இருந்து வேற யாராவது அப்படி நேரத்துக்கு வந்திருக்காங்களா?"

தணிகாசலம் யோசித்துப் பார்த்தார். பிறகு மேட்டைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

நீதி: வேகத்தடைக்கு ஊரே கையெழுத்துப் போட வேண்டும், ஆத்தாவுக்கு ஒரு கிண்ணம் மஞ்சள் போதும். ஆகவே, உயிரின் மேல் அக்கறையுள்ள அதிகாரி ஒருபோதும் பெயிண்ட் வாங்கிவைக்கலாகாது.