வசந்தாமணியை நீக்க முடியாது

பிரிட்ஜ்வாட்டர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள வசந்தாமணிக்கு நஞ்சுண்டன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான்தான். அவ்விடம் நீயும் மகள் யாமினியும் மாப்பிள்ளை இனியனும் பேரனும் நலம் என்று போனில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் பேரனும் திறக்கிறான், உடனே நீ "அப்புறம் கூப்புடறனுங்க" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபால். இதற்குக் குறுக்கே யாரும் அழ முடியாது.

போன வாரம் சொன்னாயே, "ஏனுங்க, அத்தன பெரிய வூட்ட வெச்சுக்கிட்டு ஒத்தையில என்ன பண்றீங்க? வித்துப்போட்டு ஃப்ரீமான்ட்டுக்கே வந்துருங்க" என்று. பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனவள், குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு என்னைக் கூப்பிடுகிறாய். நினைத்தவுடன் வர முடியாது. வீட்டில் ஊரார் டப்பா நாற்பத்து மூன்று இருக்கிறது. பாவம், தனியாக இருக்கிறாரே என்று புஷ்பவல்லி சாம்பார் சாதம் கொடுத்தனுப்புகிறார், சாய்ராம் வீட்டிலிருந்து கொழுக்கட்டை வருகிறது. டப்பாவைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். எனக்குத் தெரிந்த சமையல் வெந்நீர். ஆப்பிள் போட்டுத் திருப்பினால், அவர்கள் வேறொரு டப்பாவில் எதையாவது போட்டு அனுப்புகிறார்கள். எண்ணிக்கை குறையவே மாட்டேன் என்கிறது.

எது யாருடையது என்பதெல்லாம் உன் தலைக்குள் இருந்தது. அந்தத் தலை இப்போது நாட்டின் மறுகோடியில் கலிபோர்னியாவில் இருப்பதால், நம் கம்ப்யூட்டரில் பட்டியல்களைக் காத்து வைக்கும் ஒரு டேட்டாபேஸ் போட்டேன். இலவசம். முகம் தெரியாத யார் யாரோ உலகம் முழுக்க உட்கார்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். எடுப்பது சுலபம், அதை ஓட வைக்க நாலு நாள் பிடித்தது. முதல் நாள், சூப்பர் யூசருக்கு, அதாவது எல்லா அதிகாரமும் உள்ளவருக்கு, பாஸ்வேர்ட் கொடு என்றது. இந்த வீட்டுக்கு சூப்பர் யூசர் நீதானே, உன் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் தேதி மறந்துபோய் முப்பது தடவை திட்டு வாங்கினேன். உன் பிறந்த நாளை மறந்து திட்டு வாங்குவது எனக்குப் புதிதில்லை. மூன்றாம் நாள் திரையில் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்து, மூலையில் சின்னக் கோடு ஒன்று மின்னி மின்னி நின்றது. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது. இந்த வீட்டில் நான் பேசுவதற்காக ஒன்று காத்திருந்து எத்தனை மாதமாகிறது, வசந்தா. பிறகு, இப்போது உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவர் என்றது.

நாலாம் நாள் ஆட்களுக்கு ஒரு பட்டியல், டப்பாக்களுக்கு ஒரு பட்டியல், ஒவ்வொரு டப்பாவுக்கும் சொந்தக்காரர் பெயர். நம்முடையவற்றையும் ஏற்றினேன்: முப்பத்தொன்று, சொந்தக்காரர் வசந்தாமணி. அப்போது பார்த்து உன் 'வித்துப்போட்டு' ஞாபகம் வந்து கோபம் தலைக்கேறியது. வராதவளுக்கு இங்கே என்ன இடம் என்று, ஆட்கள் பட்டியலிலிருந்து உன்னை நீக்கச் சொன்னேன். முடியாது என்றது. டப்பாப் பட்டியல் இன்னும் இவரை நம்பி நிற்கிறது, நீக்க வழியில்லை என்றது. மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதே பதில். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே டப்பாக்கள் தீரும்வரை வீட்டை விற்கவும் முடியாது, நான் வரவும் முடியாது. மற்றபடி இங்கே ஒரு குறையும் இல்லை. பேரன் நூறு வயது இருக்கட்டும். யாமினிக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்காதே.

இப்படிக்கு,
நஞ்சுண்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், ஊரார் டப்பாக்களை மட்டும் காட்டு என்று டேட்டாபேஸைக் கேட்டேன். பூஜ்யம் என்றது. அதுவே பொய் சொல்லாதபோது நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நீ போன பிறகு இந்த வீட்டுக்கு ஒரு டப்பாவும் வரவில்லை. முன்பெல்லாம் நீ கொடுத்தனுப்பியதால்தான் அத்தனையும் வந்துகொண்டிருந்தது. புஷ்பவல்லியைக் கோயில் பார்க்கிங்கில் பார்த்தேன், "அக்கா எப்பங்க வர்றாங்க?" என்று கேட்டுவிட்டுக் காரை எடுத்தார். இருபதாம் தேதி ஃப்ளைட்டில் வருகிறேன். வீட்டைப் பற்றி அங்கே வந்து சண்டை போட்டுக்கொள்ளலாம். உன் முப்பத்தொரு டப்பாவும் பெட்டியில் இருக்கிறது. சட்டப்படி ஒன்றுகூடக் காலியாக இல்லை, ஒவ்வொன்றிலும் ஒரு பனியனோ ஒரு ஜோடி சாக்ஸோ வைத்திருக்கிறேன். ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளையை மட்டும் அனுப்பிவிடாதே. நீயும் வா.